பெயர் அதே, சர்வர் வேறு: இணைப்பைத் திருப்பிவிடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

"ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஒரு வரி சேர்த்தா போதும், கேம் வேற சர்வருக்குப் போயிடும்." மூடப்பட்ட பழைய ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர், "அதெல்லாம் ஹேக்கிங், கை வைக்காதே" என்பார். இருவரும் பேசுவது ஒன்றைப் பற்றித்தான். நம் கணினியிலோ போனிலோ ஓடும் ஒரு மென்பொருள், வழக்கமாகப் போகும் சர்வரை விட்டுவிட்டு வேறொரு சர்வரோடு இணையும்படி செய்வது.

இது தன்னளவில் குற்றம் இல்லை. ஒரு வலைத்தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றுகிறவர்கள், ஊருக்குத் திறந்துவிடும் முன் தங்கள் கணினியில் மட்டும் புதியதைப் பார்த்துச் சோதிக்க இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அதே சமயம், ஒரு வரியோடு முடிந்துவிடும் காரியமும் பெரும்பாலும் இல்லை. சில மென்பொருட்களில் அந்த ஒரு வரி வேலை செய்கிறது, பலவற்றில் செய்வதில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால், கண்ட கண்ட யூடியூப் வீடியோவைப் பார்த்து சிஸ்டம் கோப்புகளைக் கலைத்துப்போடும் வேலை மிச்சம்.

பெயரை அழுத்தினால் எண்ணுக்குப் போகிறது

போனில் "அம்மா" என்று சேமித்து வைத்திருக்கிறோம். பெயரை அழுத்துகிறோம், போன் எண்ணை டயல் செய்கிறது. நாம் கவனிக்காத நேரத்தில் யாரோ அந்தப் பெயருக்கு நேரே வேறு எண்ணை எழுதிவிட்டால் என்ன ஆகும்? அழுத்துவது அதே பெயர். திரையில் தெரிவதும் அதே பெயர். மணி அடிப்பது மட்டும் வேறு வீட்டில். போனில் எந்தப் பழுதும் இல்லை. தனக்குச் சொல்லப்பட்ட எண்ணுக்கு அது ஒழுங்காகப் போயிருக்கிறது.

மென்பொருளும் அப்படித்தான். நம் பக்கம் இருந்துகொண்டு ஒன்றைக் கேட்டு வாங்கும் மென்பொருளை கிளையன்ட் என்கிறோம். பிரவுசர், வங்கி ஆப், விளையாட்டு எல்லாமே கிளையன்ட்தான். கேட்டதைக் கொடுக்கும் தூரத்துக் கணினி சர்வர். ஒவ்வொரு சர்வருக்கும் நெட்வொர்க்கில் ஓர் எண் உண்டு. அது ஐபி முகவரி. எண்ணை எல்லோரும் நினைவில் வைக்க முடியாது என்பதால் அதற்கு ஒரு பெயர் வைக்கிறோம். அது டொமைன் பெயர். கிளையன்டுக்குள் பெரும்பாலும் எழுதி வைத்திருப்பது பெயர்தான், எண் இல்லை. இணையவேண்டிய ஒவ்வொரு முறையும் "இந்தப் பெயருக்கு எண் என்ன?" என்று அது யாரிடமாவது கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கு வரும் பதிலை மாற்றினால் இணைப்பு திரும்பிவிடும்.

ஆனால் மணி அடித்து எதிர்முனையில் ஒருவர் எடுத்த பிறகும் கதை இருக்கிறது. குரலைக் கேட்டதுமே அது அம்மா இல்லை என்று தெரிந்துவிடும். குரல் ஒத்துப்போனாலும், நாம் தமிழில் பேச, அவர் நமக்குத் தெரியாத மொழியில் பதில் சொன்னால் பேச்சு நகராது. ஆக, ஓர் இணைப்பு உருப்பட வேண்டுமென்றால் மூன்று விஷயங்கள் தேறவேண்டும்: எங்கே போகிறோம், எதிரே இருப்பது நாம் தேடியவர்தானா, இருவர் பேசுவதும் இருவருக்கும் புரிகிறதா. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதும் வரி தொடுவது இதில் முதலாவதை மட்டும். இந்த விஷயத்தில் நான் பார்க்கும் குழப்பங்களில் பெரும்பகுதி, மற்ற இரண்டையும் மறந்துவிடுவதால் வருகிறது.

எண்ணைச் சொல்வது யார்?

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் பெயர்களுக்கும் எண்களுக்கும் ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி நெட்வொர்க்கில் சேர்ந்தால் அவர்களிடம் சொல்லவேண்டும். மற்ற எல்லோரும் புதிய கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற முறையை வடிவமைத்தார். ஒரே பட்டியலுக்குப் பதிலாக, உலகம் முழுக்கப் பரவியிருக்கும் சர்வர்களிடம் பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்டுப் பெறும் ஏற்பாடு அது. இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

டிஎன்எஸ் வந்த பிறகும் அந்தப் பழைய பட்டியல் சாகவில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் அதன் சின்ன வாரிசு ஒன்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஹோஸ்ட்ஸ் ஃபைல். வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரியில் முதலில் ஐபி முகவரி, ஓர் இடைவெளி, பிறகு பெயர். ஒரு மென்பொருள் பெயரைக் கொடுத்து எண் கேட்டால், இயங்குதளம் வழக்கமாக முதலில் இந்தக் கோப்பைப் பார்க்கும். இங்கே பதில் இருந்தால் வெளியே கேட்கவே போகாது. இல்லையென்றால்தான் டிஎன்எஸ் சர்வரிடம் போகும். வீட்டில் அது பெரும்பாலும் ரவுட்டர் வழியாக இணைய நிறுவனத்தின் சர்வராக இருக்கும்.

இந்தக் கோப்பில் புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பெயருக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் என்று முழு வலை முகவரியையும் எழுதிவிடுவது. இங்கே பெயர் மட்டும்தான் வரவேண்டும். இரண்டு, போர்ட் எண்ணையும் சேர்த்து எழுதுவது. ஒரே கணினியில் பல சேவைகள் ஓடலாம். எந்தச் சேவை வேண்டும் என்று குறிக்கும் எண்தான் போர்ட். ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்குப் போர்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கிளையன்ட் எந்தப் போர்ட்டைத் தட்ட நினைத்ததோ, புதிய சர்வரிலும் அதே போர்ட்டைத்தான் தட்டும். அங்கே யாரும் காத்திருக்கவில்லை என்றால் இணைப்பு கிடையாது.

எல்லாம் சரியாக எழுதியும் பழைய சர்வருக்கே போகிறதா? டிஎன்எஸ்ஸிடமிருந்து ஒருமுறை கிடைத்த பதிலைக் கணினியும் பிரவுசரும் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும். பிரவுசரை முழுதாக மூடித் திறந்து, விண்டோஸில் டிஎன்எஸ் நினைவகத்தையும் காலி செய்த பிறகு பாருங்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: கிளையன்டுக்குத் தெரிந்தது பெயர், எண்ணை அது கேட்டுத் தெரிந்துகொள்கிறது, பதில் சொல்லும் வரிசையில் முதலில் நிற்பது நம் கணினியில் உள்ள ஹோஸ்ட்ஸ் ஃபைல், அடுத்தது டிஎன்எஸ்.

எந்தெந்த இடத்தில் திருப்பலாம்?

இருப்பதிலேயே நல்ல இடம், மென்பொருளை எழுதியவரே விட்டுவைத்திருக்கும் இடம். மைன்கிராஃப்டில் சர்வர் முகவரியைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி இருக்கிறது. மின்னஞ்சல் மென்பொருளில் எந்தச் சர்வர் என்று கேட்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டின் ஆரம்பகாலப் பதிப்புகளில் ரியல்ம்லிஸ்ட் என்ற சிறு எழுத்துக் கோப்பு இருந்தது. அதில் இருந்த ஒரு வரிதான் எந்தச் சர்வரில் நுழைவது என்று முடிவு செய்தது. அந்த வரியில் வேறு பெயரை எழுதி ரசிகர்கள் நடத்திய தனியார் சர்வர்களுக்குப் போனவர்கள் ஏராளம். இங்கெல்லாம் யாரையும் ஏமாற்றவேண்டிய தேவையில்லை, கிளையன்டிடமே நேராகச் சொல்லிவிடுகிறோம்.

அப்படி இடம் விடாத மென்பொருள் என்றால்தான் ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு வருகிறோம். அதன் வசதி, மென்பொருளைத் தொடவே வேண்டாம் என்பது. அதன் குறை, அந்த ஒரு கணினியோடு நின்றுவிடும் என்பது. அதோடு அந்தப் பெயரைக் கேட்கும் எல்லா மென்பொருளும் சேர்ந்து திரும்பிவிடும்.

விளையாட்டுக் கன்சோல், டிவி மாதிரியான பெட்டிகளில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து எழுத வழியில்லை. அங்கே டிஎன்எஸ்ஸை மாற்றலாம். நின்டெண்டோ டிஎஸ் நல்ல உதாரணம். டிஎஸ், வீ என்ற தன் இரண்டு கன்சோல்களுக்குமான வைஃபை சேவையை நின்டெண்டோ 2014 மே 20 அன்று நிறுத்தியது. டிஎஸ்ஸின் இணைய அமைப்பில் டிஎன்எஸ் முகவரியைக் கையால் எழுத ஓர் இடம் இருக்கிறது. ரசிகர்கள் தாங்களே ஒரு டிஎன்எஸ் சர்வரை நடத்தினார்கள். நின்டெண்டோவின் பெயர்களைக் கேட்டால் மட்டும் அது தங்கள் விளையாட்டுச் சர்வரின் எண்ணைச் சொல்லும். மற்ற பெயர்களுக்கு வழக்கமான பதில். விளையாட்டுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அதுவும் போதாது என்றால் மென்பொருளின் கோப்பையே திருத்தவேண்டியதுதான். மரியோ கார்ட் வீ என்ற விளையாட்டுக்காக வீம்ஃபி என்ற ரசிகர் சர்வர் செய்தது இதை. அவர்களுடைய கருவி, விளையாட்டுக் கோப்புக்குள் இருக்கும் நின்டெண்டோவின் டொமைன் பெயரைத் தேடிப்பிடித்து அந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதுகிறது. இப்படி எழுதும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு: தொகுக்கப்பட்ட கோப்பில் பழைய பெயருக்கு எத்தனை எழுத்துக்கான இடம் இருந்ததோ அதற்குள் புதிய பெயர் அடங்கவேண்டும். நீண்டுவிட்டால் அடுத்திருக்கும் தரவின் மேல் ஏறி விளையாட்டையே உடைத்துவிடும். வீம்ஃபியின் பெயர் பழையதைவிடச் சின்னது, அதனால் அடங்கிவிடுகிறது.

கடைசியாக ஒரு வகை. சில மென்பொருட்கள் பெயரே கேட்காது. ஐபி முகவரியை நேரடியாக உள்ளே எழுதி வைத்திருக்கும். அங்கே ஹோஸ்ட்ஸ் ஃபைலும் டிஎன்எஸ்ஸும் பயன்படாது, கேள்வியே எழுப்பப்படவில்லையே. ரவுட்டரிலோ இயங்குதளத்தின் ஃபயர்வாலிலோ "இந்த எண்ணுக்குப் போகும் தரவை அந்த எண்ணுக்கு அனுப்பு" என்று விதி எழுதலாம். போன் உதாரணத்தில் சொன்னால், எண்ணைச் சரியாகவே டயல் செய்கிறோம், எக்ஸ்சேஞ்ச் வேறு எண்ணுக்குத் தள்ளிவிடுகிறது. போர்ட்டையும் இந்த இடத்தில் மாற்ற முடியும்.

போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் கூடவே வருகிறது

ஒரு வலைத்தளத்தின் பெயரைத் தட்டாமல் ஐபி முகவரியைப் பிரவுசரில் நேராகத் தட்டினால் பல சமயம் வேறு ஏதோ பக்கம் வரும். காரணம், ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் குடியிருக்கின்றன. பிரவுசர் சர்வரை அடைந்ததும் "எனக்கு இந்தப் பெயருள்ள தளம் வேண்டும்" என்று மறுபடி பெயரைச் சொல்லும். ஹோஸ்ட்ஸ் ஃபைல் வழியாகத் திருப்பினாலும் அது பழைய பெயரைத்தான் சொல்லும். எனவே புதிய சர்வர் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லத் தயாராக அமைக்கப்பட்டிருக்க வேண்டும். தளத்தை இடம் மாற்றுவதற்கு முன் சோதிப்பவர்களுக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைல் பிடித்துப்போவது இதனால்தான். எண் புதியது, பெயர் நிஜமானது. நாளை ஊர் பார்க்கப்போவதை அப்படியே இன்று பார்க்கலாம்.

"நீங்கள்தான் அவர் என்பதற்கு என்ன சான்று?"

இனி இரண்டாவது கேள்வி. என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

டிஎன்எஸ் பதிலை மாற்றுவது இவ்வளவு சுலபம் என்றால், என் வங்கியின் பெயருக்கு யாரோ ஒருவர் தன் எண்ணைச் சொல்லி என்னைத் திருப்பிவிட முடியாதா? திருப்ப முடியும். அந்த இடத்தில் நம்மைக் காப்பது டிஎல்எஸ். இணைப்பை வெளியார் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, எதிரே இருப்பவரின் அடையாளத்தையும் சரிபார்க்கும் நெறிமுறை அது. பிரவுசரில் எச்டிடிபிஎஸ் என்று பார்ப்பதன் கடைசி எழுத்து இதைத்தான் குறிக்கிறது. சர்வர் ஒரு சான்றிதழைக் காட்டும். "இந்தப் பெயருக்கு உரியவர் இவர்" என்று ஒரு சான்றளிக்கும் நிறுவனம் கையெழுத்திட்ட மின் ஆவணம் அது. எந்த நிறுவனங்களின் கையெழுத்தை ஏற்கலாம் என்ற பட்டியல் நம் இயங்குதளத்திலோ பிரவுசரிலோ முன்கூட்டியே இருக்கிறது. சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது, அதற்கு இணையான ரகசியச் சாவி தன்னிடம் இருப்பதையும் சர்வர் நிரூபிக்க வேண்டும். சான்றிதழை யாரும் நகல் எடுக்கலாம். சாவி உரியவரிடம் மட்டும்தான் இருக்கும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். எண் மாறியது கிளையன்டுக்குத் தெரியாது, அதைப்பற்றி அது கவலைப்படுவதும் இல்லை. ஆனால் பெயருக்கும் சான்றிதழுக்கும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். வங்கி ஆப்பின் பெயரை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் வேறு எண்ணுக்கு எழுதினால் ஆப் திருப்பப்பட்ட இடத்துக்குப் போகும், சான்றிதழைப் பார்க்கும், இணைப்பைத் துண்டிக்கும். அவ்வளவுதான்.

2018 ஏப்ரல் 24 அன்று நடந்தது இதற்கு நல்ல பாடம். மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ பணப்பைத் தளத்தின் டிஎன்எஸ், அமேசான் சேவையில் இருந்தது. அமேசானுக்குப் போகவேண்டிய டிஎன்எஸ் கேள்விகளைச் சிலர் நெட்வொர்க் மட்டத்திலேயே தங்கள் பக்கம் இழுத்து, அந்தத் தளத்தின் பெயருக்குப் போலித் தளத்தின் எண்ணைச் சொன்னார்கள். முதல் கேள்வியில் அவர்களுக்கு முழு வெற்றி. ஆனால் சரியான சான்றிதழ் அவர்களிடம் இல்லை. ஆகவே போனவர்களின் பிரவுசர் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டியது. அதைத் தாண்டி "பரவாயில்லை, தொடர்க" என்று அழுத்தி உள்ளே நுழைந்தவர்கள்தான் பணத்தை இழந்தார்கள், சுமார் 1.5 லட்சம் டாலர் மதிப்பு. அந்த எச்சரிக்கைப் பக்கம் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று நினைத்துத் தாண்டிப்போகும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வங்கி, மின்னஞ்சல், அரசுத் தளம் எதுவானாலும், அந்தப் பக்கம் வந்தால் மூடிவிட்டு வேறு நெட்வொர்க்கில் முயலுங்கள்.

சான்றளிக்கும் நிறுவனமே ஏமாந்துபோனால்? அதுவும் நடந்திருக்கிறது. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற நிறுவனத்துக்குள் ஊடுருவி, கூகுளின் பெயருக்கே போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் இருந்த ஜிமெயில் பயனர்களை உளவு பார்க்க அது பயன்பட்டது. கையெழுத்து நிஜம் என்பதால் மற்ற பிரவுசர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. குரோம் மட்டும் கண்டுபிடித்தது, ஏனென்றால் கூகுள் தளங்களுக்கு எந்தச் சான்றிதழ்கள் வரலாம் என்று குரோமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். இப்படி எதிர்பார்க்கும் சான்றிதழையே கிளையன்டுக்குள் பதித்து வைப்பதற்குப் பின்னிங் என்று பெயர். டிஜிநோட்டார் அந்த ஆண்டே திவாலானது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்தும் கூகுள் பெயர்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தன. அவை உடனே ரத்து செய்யப்பட்டன.

நம்முடைய சொந்தக் கணினியில் நாமே ஒரு சான்றளிப்பாளரை உருவாக்கி, நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து, விரும்பிய பெயருக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்ளலாம். மென்பொருளைச் சோதிப்பவர்களும், ஊழியர்களின் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அலுவலகங்களும் இதைச் செய்கின்றன. ஆனால் இதுவும் எல்லா இடத்திலும் செல்லாது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் தானாகச் சேர்த்த சான்றளிப்பாளரை ஆப்கள் இயல்பில் நம்புவதில்லை. பின்னிங் செய்திருந்தால் அதற்கும் மேலே ஒரு பூட்டு.

பழைய கன்சோல்களில் டிஎன்எஸ் மாற்றம் மட்டுமே போதுமானதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. டிஎஸ் சான்றிதழைச் சரிபார்க்கும் முறையில் ஓர் ஓட்டை இருந்தது. அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் விளையாட்டைத் திருத்தாமலே இணைய முடிந்தது. வீம்ஃபியின் கருவி, பெயரை மாற்றும்போதே எச்டிடிபிஎஸ் என்பதையும் சான்று கேட்காத பழைய எச்டிடிபியாக மாற்றிவிடும். அந்தக் காலத்து உத்தியை இன்றைய போன் ஆப்பில் முயன்றுவிட்டு "என் ஹோஸ்ட்ஸ் ஃபைல் வேலை செய்யவில்லை" என்பவர்களுக்குப் பதில் இதுதான். ஹோஸ்ட்ஸ் ஃபைல் தன் வேலையைச் செய்துவிட்டது. தடுத்தது சான்றிதழ்.

சுருக்கமாக: திருப்பிவிடுவது இடத்தை மாற்றுகிறது. அடையாளத்தை மாற்றுவதில்லை. அடையாளம் கேட்கும் கிளையன்டிடம் வெறும் திருப்பல் செல்லாது.

சேர்ந்தாயிற்று, பேசுவது புரிகிறதா?

மூன்றாவது கேள்விக்குத்தான் உழைப்பு அதிகம், பேச்சில் அடிபடுவதோ குறைவு. கிளையன்டும் சர்வரும் எந்த வரிசையில் என்ன அனுப்பவேண்டும், எதற்கு என்ன பதில் என்பதற்கான விதிகளை நெறிமுறை என்கிறோம். புதிய சர்வருக்கு அது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனம் அதை வெளியிட்டிருக்காது. சேவை உயிரோடு இருக்கும்போது போய்வரும் தரவைப் பதிவு செய்து, ஒவ்வொரு பைட்டும் என்ன சொல்கிறது என்று ஊகித்து, எழுதி, சோதித்து, மறுபடி எழுதி ரசிகர்கள் இதைக் கட்டுகிறார்கள்.

கேம்ஸ்பை 2014 மே 31 அன்று மூடப்பட்டபோது இதன் சுலபமான முனை தெரிந்தது. பல விளையாட்டுகளுக்கு கேம்ஸ்பை செய்து கொடுத்த வேலை, எந்தெந்த இடத்தில் ஆட்டம் நடக்கிறது என்ற பட்டியலைத் தருவது. ஆட்டம் நடந்தது விளையாடுபவர்களே நடத்திய வேறு சர்வர்களில். பட்டியல் தரும் சர்வரை மட்டும் ரசிகர்கள் மறுபடி எழுதிவிட்டால் போதும். ஹோஸ்ட்ஸ் வரி ஒன்றில் பழைய விளையாட்டு உயிர்பெற்றது. ஹேலோவின் கணினிப் பதிப்புக்கு அந்த மே மாதமே ஒரு பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, வந்து, கேம்ஸ்பையை விட்டு வேறு சர்வரைக் கேட்கத் தொடங்கியது.

மறுமுனையில் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ. 2014இல் வந்த கார் பந்தய விளையாட்டு. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நின்றன. காசு கொடுத்து வாங்கியவர்கள் யாரும் ஓட்ட முடியவில்லை. விளையாட்டின் பாதிப் புத்தி சர்வரில் இருந்தது. திருப்பிவிடலாம், ஆனால் எங்கே திருப்புவது? ரசிகர்கள் அந்தச் சர்வரைப் புதிதாக எழுதி முடிக்க 2025 ஆகிவிட்டது. இந்த மூடலைத் தொடர்ந்துதான் விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கம் கிளம்பி, ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. சேவையை நிறுத்தும் நிறுவனம் கடைசிப் பேட்ச் ஒன்றில் சர்வர் முகவரியை எழுதும் பெட்டியாவது விட்டுப் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவை

விபிஎன் போட்டால் சர்வர் மாறாது. நம் தரவு வேறொரு ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது, போய்ச் சேரும் இடம் அதேதான். ப்ராக்ஸி என்பது நடுவில் நின்று நம் சார்பில் கேட்டு வாங்கித் தரும் சர்வர்; அதுவும் கடைசியில் நிஜ சர்வரிடம்தான் போகிறது. இன்னொன்று, ஒரு தளத்துக்குப் போனால் அது "நான் இடம் மாறிவிட்டேன், அங்கே போ" என்று வேறு முகவரியைச் சொல்வது. அதைச் சொல்வது சர்வர். முகவரிப் பட்டையிலும் புதிய பெயர் தெரியும். நாம் பேசிக்கொண்டிருக்கும் திருப்பலில் பெயர் மாறுவதே இல்லை.

சட்டம்

உங்கள் தளத்தை, உங்கள் ஆப்பை உங்கள் சர்வருக்குத் திருப்பினால் எந்தக் கேள்வியும் இல்லை. அடுத்தவரின் மென்பொருள் என்றால் விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசர்ட் நிறுவனத்தின் பேட்டில்நெட் என்ற ஆன்லைன் விளையாட்டுச் சேவைக்கு மாற்றாகச் சர்வர் எழுதிய பிநெட்டி திட்டத்தினர் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். அவர்களின் சர்வர், வாங்கிய பிரதியா என்று பார்க்கும் சோதனையைச் செய்யவில்லை என்பது அங்கே முக்கியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பழைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை நடத்திய நோஸ்டால்ரியஸ் சர்வர், பிளிசர்டின் சட்ட அறிவிப்புக்குப் பின் 2016 ஏப்ரலில் மூடப்பட்டது. அதற்கு எழுந்த ஆதரவைப் பார்த்த பிறகு, 2019 ஆகஸ்டில் நிறுவனமே பழைய பதிப்பைக் கொண்டுவந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், தனியாக எழுதப்பட்ட ஒரு நிரல் மற்ற நிரல்களோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது வழக்கைப் பொறுத்தது. எந்த நாடானாலும், யாரோ நடத்தும் தனியார் சர்வரில் கணக்குத் தொடங்கினால் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

நமக்குத் தெரியாமல் யாராவது திருப்பியிருந்தால்?

டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் செய்தது ஒரே வேலைதான்: கணினியின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றி, குற்றவாளிகள் நடத்திய சர்வரிடம் கேட்க வைத்தது. சில கணினிகள் வழியாக வீட்டு ரவுட்டரின் அமைப்பையும் மாற்றியது. தேடலில் வந்த இணைப்பை அழுத்தினால் வேறு தளத்துக்குப் போகும். விளம்பரப் பணம் அவர்களுக்கு. சுமார் 100 நாடுகளில் 40 லட்சம் கணினிகள் வரை சிக்கின. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை எஃப்பிஐ நடவடிக்கையை அறிவித்தது. எஸ்டோனியாவைச் சேர்ந்த 6 பேர் கைதானார்கள்.

கைது செய்ததும் அந்தச் சர்வர்களை அணைத்திருந்தால் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் ஒரே நாளில் இணையம் நின்றிருக்கும், எந்தப் பெயருக்கும் எண் கிடைக்காமல். எனவே நீதிமன்ற உத்தரவோடு அதே ஐபி முகவரிகளில் நேர்மையான டிஎன்எஸ் சர்வர்களை வைத்தார்கள். குற்றவாளிகள் செய்த திருப்பலை இன்னொரு திருப்பலால் சரிக்கட்டினார்கள். 2012 ஜூலை 9 அன்று அவற்றை அணைத்தபோதும் லட்சக்கணக்கான கணினிகள் அங்கேதான் கேட்டுக்கொண்டிருந்தன.

உங்கள் கணினியைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்ற கோப்புறை. அங்கே ஹோஸ்ட்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். # குறியோடு தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள், விட்டுவிடலாம். மீதி வரிகளில் நீங்கள் சேர்க்காத வங்கி, மின்னஞ்சல், வைரஸ் தடுப்பு நிறுவனப் பெயர் ஏதாவது இருந்தால் அந்தக் கணினியை நம்பாதீர்கள். சுத்தம் செய்யும் வரை அதில் எந்தக் கடவுச்சொல்லையும் தட்டாதீர்கள். 127.0.0.1 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது உங்கள் சொந்தக் கணினியையே குறிக்கும். விளம்பரத் தளங்களை அடைக்கச் சிலர் அந்தப் பெயர்களை இதற்குத் திருப்பிவைப்பார்கள். அப்புறம் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் டிஎன்எஸ் என்ற இடத்தில் இருக்கும் எண்களை உங்கள் இணைய நிறுவனத்திடம் கேட்டு ஒப்பிடுங்கள். பெட்டியோடு வந்த ரவுட்டர் கடவுச்சொல் இன்னும் அப்படியே இருந்தால், அந்தப் பக்கத்தை மூடும் முன் அதையும் மாற்றிவிடுங்கள்.